திருகோணமலையில் இருந்து கேம் வெளியிடப் போகிறீர்களா? முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

நாங்கள் மூன்று பேர். உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறைதான் எங்கள் ஸ்டூடியோ. முதலில் போனுக்கு இரண்டு சின்னக் கேம்கள் செய்து விளம்பரக் காசில் ஓட்டினோம். அந்த வழி வர வர ஒடுங்கிக்கொண்டு போனதால், கரைவலை இழுப்பதை வைத்து ஒரு கணினிக் கேம் செய்து ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போட்டோம்.

பெப்ரவரியில் கேம் முடிந்தது. விற்பனைக்கு வந்தது ஜூலையில். இரண்டு மாதத்தில் முடித்திருக்கலாம். மிச்ச மூன்று மாதமும் நாங்கள் ஒரு வரி கோட் எழுதவில்லை. கடிதம், கையெழுத்து, போட்டோக்கொப்பி, வங்கி வரிசை, இவ்வளவுதான். கேம் செய்வது எப்படி என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இலங்கையில், அதுவும் கொழும்புக்கு வெளியே இருந்துகொண்டு அதை விற்று, காசைக் கையில் எடுப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் முக்கால்வாசி முடிந்த கேம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எந்தக் கடை என்று முதலில் முடிவெடுங்கள்

செலவை வைத்துப் பார்த்தால் கணக்கு இதுதான். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டொலர், இன்றைய நிலையில் சுமார் முப்பதாயிரம் ரூபாய். அந்தக் கேம் 1,000 டொலர் விற்பனையைத் தாண்டினால் இந்தக் காசு திரும்பி வரும், தாண்டாவிட்டால் போனதுதான். கூகுள் பிளேயில் வாழ்நாளுக்கு ஒரே தடவை 25 டொலர். அப்பிளில் வருடத்துக்கு 99 டொலர், அதோடு மக் கணினி ஒன்றும் வேண்டும். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. எபிக்கிலும் ஒரு கேமுக்கு 100 டொலர். இட்ச் தளத்தில் கட்டணமே இல்லை. இன்று பதிந்து இன்றே ஏற்றலாம்.

ஸ்டீம் எடுக்கும் பங்கு 30 சதவீதம். இட்ச்சில் எவ்வளவு கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், வழமையாக 10 சதவீதம். கூகுள் பிளேயில் வருடத்தில் முதல் பத்து இலட்சம் டொலர் வரை 15 சதவீதம். எபிக்கில் 2025 ஜூனில் இருந்து ஒரு கேமுக்கு வருடத்தில் முதல் பத்து இலட்சம் டொலருக்குப் பங்கே எடுப்பதில்லை. பங்கு குறைவு என்று ஓடவேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத சந்தையில் கடை வாடகை குறைவாக இருந்து என்ன பயன்?

ஆனால் ஒரே கடையில் தொங்கவும் வேண்டாம். 2025 ஜூலையில் இட்ச் தளம், கட்டண நிறுவனங்களின் நெருக்குதலால், வயதுவந்தோருக்கான கேம்களை ஒரே நாளில் தேடலில் இருந்து எடுத்துவிட்டது. எங்கள் கேமுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அன்று எங்களுக்குப் பயம் பிடித்தது. நாங்கள் செய்தது இதுதான்: ஸ்டீமில் விற்பனை, இட்ச்சில் இலவச மாதிரி.

2. பெயர். பெயர். பெயர்.

மற்றதை எல்லாம் விட்டாலும் இந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் போங்கள். எங்கள் மூன்று மாதத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான்.

ஸ்டீம் உங்களிடம் சட்டப்படியான முழுப் பெயரைக் கேட்கும். அதே பெயர் வரிப் படிவத்தில் இருக்க வேண்டும், அடையாள ஆவணத்தில் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கிலும் இருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு இது ஐந்து நிமிட வேலை. நமக்கு அப்படி இல்லை. உதாரணத்துக்கு உங்கள் பெயர் கோகுலன், அப்பா நடராசா என்று வைப்போம். பிறப்புச் சான்றிதழில் கோகுலன் மட்டும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ந. கோகுலன். வங்கிப் புத்தகத்தில் என் என்ற ஒற்றை எழுத்தும் கோகுலனும். பாஸ்போட்டில் நடராசா முழுதாக விரிந்து முன்னால் வந்து நிற்கும். இதில் எது முதற் பெயர், எது குடும்பப் பெயர்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக நிரப்பியிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய தலையிடி ஆங்கில எழுத்து. தமிழில் ஒரே 'கோ'தான். ஆனால் ஒரு ஆவணத்தில் அது ஜி எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் கே எழுத்தில். நடராசாவின் கடைசியில் ஓர் இடத்தில் எச் இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. கிளார்க் அன்றைக்கு எப்படி எழுதினாரோ அப்படி.

எங்கள் மூவரில் யாருடைய பெயரில் கணக்குத் திறந்தோமோ, அவருடைய பழைய அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தே இல்லை. அதைப் படம்பிடித்து அனுப்பினோம், திரும்பி வந்தது. பிறகு பாஸ்போட்டை அனுப்பினோம். வரிப் படிவத்தில் நாங்கள் எழுதியிருந்த பெயரும் பாஸ்போட்டில் இருந்த பெயரும் ஓர் எழுத்தால் வேறு. அதுவும் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் பதிலுக்குச் சில நாள் காத்திருப்பு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இப்படியே போய்விட்டன.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? ஒரு தாளை எடுத்து நான்கு வரி கீறுங்கள்: பாஸ்போட், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, டின் இலக்கம் (வரி கட்டுபவருக்கான அடையாள இலக்கம்). நான்கிலும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். நான்கும் ஒன்றென்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர், அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் பாஸ்போட்டைத் தலைவராக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். வங்கிக் கணக்கின் பெயரை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். மூலப் பாஸ்போட்டும் ஒரு கடிதமும் கொண்டுபோனால் போதும். பாஸ்போட் இல்லாதவர்கள் புதிய அட்டை வடிவ அடையாள அட்டைக்கு மாறுங்கள். அதில் மூன்று மொழியிலும் பெயர் இருக்கும்.

இன்னொரு பொறி. 'உங்கள் நிறுவனத்தின் பெயர்' என்று கேட்ட இடத்தில் ஆசையாக ஸ்டூடியோவின் பெயரை எழுதிவிடாதீர்கள். பதிந்த கம்பனி இல்லாமல் தனி ஆளாகப் பதிபவர் அந்த இடத்தில் தன் சொந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். ஸ்டூடியோவின் பெயரைக் கடைப் பக்கத்தில் போடத் தனி இடம் இருக்கிறது. வாங்குபவர் கண்ணில் படுவது அதுதான்.

3. டின் இலக்கமும் அமெரிக்க வரிப் படிவமும்

டின் இலக்கம் எடுக்காமல் ஸ்டீம் பக்கம் போகவேண்டாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், காசு இல்லை. ஒன்பது இலக்கம். விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது மேலே சொன்ன தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இலக்கம் எதற்கு? அமெரிக்காவில் விற்கும் பங்கின் மீது அமெரிக்கா வரி பிடிக்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் 30 சதவீதம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி ரோயல்டிக்கு, அதாவது உரிமைத் தொகைக்கு, 10 சதவீதம். ஆனால் அதைத் தானாகத் தரமாட்டார்கள். ஸ்டீமில் பதியும்போது வரிக் கேள்விகள் வரும். தனி ஆளுக்கு டபிள்யூ-8பென் என்ற படிவம், கம்பனிக்கு அதன் நீண்ட தம்பி. அதில் ஒப்பந்தச் சலுகையைக் கோருகிறேன் என்று நீங்களே குறித்து, டின் இலக்கத்தையும் எழுத வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் 30தான்.

கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது வருட முடிவு வரைதான் இந்தப் படிவம் செல்லும். 2025இல் நிரப்பியது 2028 டிசம்பர் 31இல் முடியும். கலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.

4. வங்கி: 'விளையாட்டா? என்ன விளையாட்டு?'

ஸ்டீம் காசை நேரே வங்கிக்கு அனுப்புகிறது. பேபால் கணக்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விடுங்கள். பல வருடங்களாக இலங்கையில் இருந்து அதில் காசு அனுப்ப முடிந்ததே தவிர வாங்க முடியவில்லை.

நாங்கள் முதலில் போன வங்கியில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா நல்லவர்தான். டொலர் கணக்குத் திறக்க வேண்டும் என்றோம்.

"வெளிநாட்டில் யார் இருக்கினம், தம்பி?"

"ஒருவரும் இல்லை அக்கா. ஒன்லைன் கேமால் வாற காசு."

அவருடைய முகம் மாறியது. "கேம் எண்டா? பெட் கட்டுறதா?"

இல்லை என்றோம். பிறகு கிரிக்கெட்டா என்று கேட்டார். அதுவும் இல்லை என்று விளக்கி, போனில் எங்கள் கேமின் படங்களைத் திறந்து காட்டி, வலை இழுக்கிற ஆளைப் பார்த்து அவர் சிரித்து, கடைசியில் மனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். அடுத்த கிழமை போனோம். அவர் லீவு. புதிதாக இருந்தவருக்கு மறுபடி முதலில் இருந்து.

இரண்டாவது வங்கியில் 'கேம்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. மென்பொருள் செய்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் விற்கிறோம், மாதாமாதம் ரோயல்டி வரும் என்றோம். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை, சொன்ன விதம்தான் வேறு.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போட், அடையாள அட்டை, ஜி.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) எடுத்த வதிவிடச் சான்றிதழ் அல்லது உங்கள் பெயரில் வரும் கரண்ட் பில், டின் இலக்கத் தாள், ஸ்டீமுடன் செய்த ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதி. ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி.

கேட்டுக்கொண்டு வரவேண்டியவை இவை. தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து டொலராகவே வைத்திருக்க முடியுமா? முடியும், அதற்கென்றே கணக்கு இருக்கிறது, சில கிளைகளில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஸ்விஃப்ட் குறியீடு என்ன? இடையில் நிற்கும் வங்கி எது? உள்ளே வரும் ஒவ்வொரு தொகைக்கும் எவ்வளவு வெட்டுவார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 110 டொலர் வந்து அதில் பெரிய தொகை கட்டணமாகப் போனால் அழுகை வரும்.

அங்கே இருக்கும்போதே உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மூடியிருந்தால் அந்த அட்டையால் ஸ்டீம் கட்டணம் கட்ட முடியாது.

5. வியாபாரப் பதிவு தேவையா?

தொடக்கத்தில் தேவையில்லை. தனி ஆளாகவே ஸ்டீமில் விற்கலாம். ஸ்டூடியோவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் மட்டும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். வாடகை இடமென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் தேவைப்படும், அதை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

பதிவை விட அவசரமானது ஒன்று இருக்கிறது. மூன்று பேர் செய்த கேமின் காசு ஒருவருடைய கணக்குக்கு வரப்போகிறது. வரியும் அவர் பெயரில்தான் விழும். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். நாங்கள் எழுதினோம், எழுதும்போதே ஒரு சின்னச் சண்டையும் வந்தது. காசு வருமுன் வந்தது நல்லதாகப் போயிற்று.

6. கட்டணத்தை இன்றே கட்டுங்கள்

எங்கள் பெரிய பிழை இங்கே. சித்திரைப் புத்தாண்டுக்கு வெளியிடுவது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். கேமை மெருகேற்றிக்கொண்டே இருந்து மார்ச் 25ஆம் திகதி ஆறுதலாகக் கட்டணம் கட்டினோம். கட்டிய பிறகுதான் வாசித்தோம்: கட்டணம் கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. புத்தாண்டு அன்று அறையில் பலகாரம் மட்டும் இருந்தது.

முப்பது நாளோடு முடிவதில்லை. 'விரைவில் வருகிறது' என்று கடைப் பக்கம் குறைந்தது இரண்டு கிழமை பொதுவெளியில் நிற்க வேண்டும். அதைப் பொதுவெளியில் போட முன்னரே ஸ்டீம் ஆட்கள் பக்கத்தைப் பார்த்து அனுமதிக்க வேண்டும், கேமின் கோப்பையும் தனியாகப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாள். அது அமெரிக்க வேலை நாள். நமக்குத் திங்கள் காலை விடிந்தாலும் அங்கே இன்னும் ஞாயிறு. ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மறுபடி அதே வரிசை.

அதனால் கேம் பாதியில் இருக்கும்போதே கட்டணத்தைக் கட்டி, பக்கத்தையும் போட்டுவிடுங்கள். முப்பது நாள் தன்பாட்டில் ஓடி முடியும். வெளியீட்டுக்கு நான்கு மாதம் முன்பு என்பது என் கணக்கு. பக்கம் எவ்வளவு காலம் நிற்கிறதோ அவ்வளவு பேர் அதைத் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்ப்பார்கள், வெளியீட்டு நாளில் அவர்களுக்குத்தான் மின்னஞ்சல் போகும்.

7. கடைப் பக்கம்

படங்களுக்குத் தனி அளவுகள் உண்டு. கேமின் ஐந்து ஸ்கிரீன்ஷொட்டாவது வேண்டும், 1920க்கு 1080. வாங்கிய கேம்கள் நிற்கும் ஸ்டீம் நூலகத்துக்கு 600க்கு 900 அளவில் ஓர் அட்டைப்படம், 3840க்கு 1240 அளவில் ஓர் அகலப் படம். இந்த அகலப் படத்தில் எழுத்து இருக்கக்கூடாது. அட்டைப்படங்களில் கேமின் பெயரும் ஓவியமும் மட்டும்தான். 'விரைவில்', 'சிறந்த கேம் விருது' என்றெல்லாம் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் ஒரு மூலையில் சின்னதாக 'திருகோணமலையில் செய்தது' என்று பெருமையாக எழுதியிருந்தோம். அதற்காகவே ஒரு கிழமை போனது.

படமோ குரலோ செயற்கை நுண்ணறிவால் செய்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், 2024 ஜனவரியில் இருந்து கேட்கிறார்கள். தெரிவிப்பதால் தடை இல்லை. மறைத்துவிட்டுப் பிறகு அகப்பட்டால்தான் வில்லங்கம்.

எங்கள் கேமில் வலை இழுக்கும்போது அம்பா பாட்டு வரும். நிலாவெளிப் பக்கம் விடியப்புறம் போய் உண்மையான கரைவலைக்காரரிடமே ஒலிப்பதிவு செய்தோம். ஈர மணலில் பத்துப் பதினைந்து பேர் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்பக்கமாக நடக்க, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பாடி முடிய எங்களையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். கை தோல் உரிந்துபோனது. அன்றைக்கே ஒரு தாளில் 'இந்தக் குரலை இந்தக் கேமில் விற்பனைக்குப் பயன்படுத்தச் சம்மதம்' என்று எழுதி, கொடுத்த காசையும் குறித்து, பாடியவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். உரிமை உங்களுடையதா என்று யாராவது கேட்டால் காட்ட இந்தத் தாள்தான் இருக்கிறது. உங்கள் கேமில் நாதஸ்வரமோ மாமாவின் குரலோ எது இருந்தாலும் இதேபோல ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கேம் செய்பவர்களுக்கு ஒரு சொல். யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளின் வழமையான எழுத்துக் கருவியில் 'கொ' என்று போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கெ', 'கே' எல்லாம் அப்படியே. நாங்கள் முதலில் எழுத்துருதான் பிழை என்று நினைத்துப் பத்து எழுத்துரு மாற்றினோம். எழுத்துருவில் ஒன்றுமில்லை, அந்தக் கருவிக்கு நம் எழுத்தின் ஒழுங்கு தெரியாது. கோடோ 4 என்ற இன்னொரு மென்பொருளில் தமிழ் சரியாக வருகிறது, அது முழு இலவசமும்கூட. கேம் பாதியில் இருந்தபோது முழுதையும் அங்கே மாற்றினோம். நீங்கள் முதல் நாளே 'கொக்கு' என்று எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

8. மாதிரியும் நெக்ஸ்ட் ஃபெஸ்டும்

ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருடத்தில் மூன்று தடவை: பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர். வெளிவராத கேமின் மாதிரியை ஒரு கிழமை எல்லோரும் விளையாடிப் பார்ப்பார்கள். ஒரு கேமுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இடம். பதிவு பல கிழமைக்கு முன்பே மூடிவிடும். நாங்கள் பெயர்ப் பிரச்சினையில் மூழ்கியிருந்ததால் ஜூனைத் தவறவிட்டோம், ஒக்டோபர் வரை பொறுக்காமல் ஜூலையில் வெளியிட்டும் விட்டோம். இப்போது கேட்டால் பொறுத்திருப்பேன்.

9. விலையும் கையில் வருவதும்

அமெரிக்க விலையை நீங்கள் போட்டதும் மற்ற நாடுகளுக்கான விலையை ஸ்டீமே பரிந்துரைக்கும். இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் எல்லாம் தெற்காசியா என்ற ஒரே கூடைக்குள். அங்கே டொலரில்தான் விலை, ஆனால் குறைவாக இருக்கும். பரிந்துரையை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 5 டொலர் கேம் 100 பிரதி விற்றது. 500 டொலர். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் காசைத் திருப்பிக் கேட்கலாம். அதுவும் சில நாடுகளின் விற்பனை வரியும் போக 400 மிஞ்சியது என்று வைப்போம். ஸ்டீம் பங்கு 120. மீதி 280. அதில் பாதி அமெரிக்க விற்பனை என்றால் 140க்கு 10 சதவீதம், 14 டொலர் வரி. கையில் 266. வரிப் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை விட்டிருந்தால் 42 டொலர் வெட்டி 238தான் வந்திருக்கும். பிறகு வங்கி தன் பங்கை எடுக்கும்.

ஜூலை விற்பனையின் காசு ஓகஸ்ட் முடிவில் அனுப்பப்படும். 100 டொலருக்குக் குறைவென்றால் அனுப்பமாட்டார்கள், சேர்ந்த பிறகுதான். ஆக, வெளியிட்டு இரண்டு மாதத்துக்குக் கையில் காசு இருக்காது என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

10. வெளியீட்டு இரவு

ஸ்டீமின் நாள் அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணிக்குத் திரும்புகிறது. நமக்கு அது கோடை காலத்தில் இரவு 10.30, குளிர் காலத்தில் 11.30. பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். மாரி காலத்தில் வெளியிடுவதாக இருந்தால் கரண்டை நம்பாதீர்கள். போனில் டேட்டா போட்டு, அதிலிருந்து நுழைந்து பொத்தான் அழுத்த முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கேம் கோப்பை இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். அடுத்தடுத்த திருத்தங்களில் மாறிய பகுதி மட்டும்தான் ஏறும் என்பதால் அவை பயமில்லை.

இலவசச் சாவி (காசில்லாமல் கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்துச் சொந்தக்காரர்களை விமர்சனம் எழுதவைப்பது வீண் வேலை. ஸ்டீமிலேயே காசு கொடுத்து வாங்கியவர்களின் விமர்சனம்தான் மதிப்பெண்ணில் சேரும், அதில் பத்து வந்தால்தான் மதிப்பெண்ணே தெரியும். மச்சானுக்குச் சாவி கொடுப்பதை விட, அவரிடம் வாங்கச் சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுங்கள்.

11. போன் கேம் என்றால்

2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகுள் பிளே கணக்கென்றால், வெளியிட முன் 12 பேர் தொடர்ச்சியாக 14 நாள் சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். பன்னிரண்டு பேர்தானே என்று சரியாகப் பன்னிரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். எங்கள் அக்காவின் மகன் ஒன்பதாவது நாள் போனில் இடமில்லை என்று சோதனையில் இருந்தே விலகிவிட்டான். பதினெட்டு பேரைச் சேர்த்துவையுங்கள்.

கேமில் காசு சம்பாதிக்கத் தொடங்கினால் உங்கள் முழு முகவரியும் பிளே பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரியைப் போட முன் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விளம்பரக் காசு 10 டொலரைத் தொட்டதும், கூகுளின் விளம்பரச் சேவையான அட்மொப் ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். இரண்டு முதல் நான்கு கிழமை. நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை, இரண்டு தடவை கடிதம் வரவே இல்லை. மூன்றாவது தடவை கோரிவிட்டு நேரே தபால் கந்தோருக்குப் போய், எங்கள் பகுதித் தபால்காரரைக் கண்டு, இப்படி ஒரு வெள்ளைக் கடிதம் வரும் என்று சொல்லி, போன் இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம். பதினாறாம் நாள் அவரே எடுத்து, "தம்பி, உங்கட அமெரிக்காக் கடிதம் வந்திருக்கு" என்றார்.

12. முதல் காசு வரும்போது

எங்கள் முதல் தொகை ஓகஸ்ட் முடிவில் புறப்பட்டு, வங்கியில் நின்று, திரும்பிப் போனது. காரணம் மறுபடியும் பெயர். ஸ்டீமில் அப்பாவின் பெயர் விரிந்திருந்தது, கணக்கில் ஒற்றை எழுத்து. வங்கி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கின் பெயரைத் திருத்தி, ஸ்டீமில் விபரத்தை மறுபடி பதிந்து, ஒக்டோபரில்தான் கையில் கிடைத்தது. ஆகையால் மாதக் கடைசியில் ஸ்டீம் 'அனுப்பிவிட்டோம்' என்று மின்னஞ்சல் போட்டு ஐந்து வேலை நாளில் காசு வராவிட்டால், வரும் என்று இருக்காமல் அந்த மின்னஞ்சலையும் மாத அறிக்கையையும் அச்செடுத்துக்கொண்டு கிளைக்கே போங்கள். வெளிநாட்டுப் பணப் பிரிவு யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள்.

அறிக்கைகளை மாதாமாதம் இறக்கிவையுங்கள். வருடம் முடிந்து வரும் 1042-எஸ் என்ற தாளில் அமெரிக்காவில் பிடித்த வரி இருக்கும், அதையும் சேர்த்துவையுங்கள். நம் வரி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், நவம்பர் 30க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. எங்கள் முதல் வருடம் அதன் கிட்டவும் போகவில்லை. ஆனாலும் கணக்குக் கொடுத்தோம், கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார்கள்.